நெருக்கடியில் செல் எந்தப் புரதத்தை நிறுத்துகிறது, எதைச் செய்துகொண்டே இருக்கிறது?

பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிடும் குடும்பத்திலிருந்து வந்து, உயிர்வேதியியல் முதுநிலை படிக்கும் மாணவி ஒருவர் எழுதிய கேள்வி இது: “சித்திரை வெயிலில் செடியின் செல்கள் புரதம் செய்வதை நிறுத்திவிடும் என்று படித்தேன். செல் அதைத் தானாக நிறுத்துகிறதா, சூட்டில் கெட்டு நின்றுபோகிறதா? எல்லாம் நின்றுவிட்டால் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் மட்டும் எப்படி உருவாகின்றன? எங்கள் ஊரில் பலருக்குப் பல்லில் கறை இருக்கிறது. புளோரைடும் இதே வழியில் செல்லைத் தாக்குகிறது என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். உண்மையா? இதையொட்டி ஒரு சிறிய ஆய்வை எங்கள் கல்லூரியிலேயே செய்ய முடியுமா?”

முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நெருக்கடிகளில் செல் தானே நிறுத்துகிறது. நிறுத்துவதற்கென்று தனி நொதிகளையும், மறுபடி தொடங்குவதற்கென்று தனி ஏற்பாட்டையும் அது வைத்திருக்கிறது. இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பொதுவான உற்பத்தியை நிறுத்தும் அதே செயல்தான், அவசரத்துக்குத் தேவையான சில புரதங்களுக்கு வழியும் திறந்துவிடுகிறது. பாடநூல்களில் இவை இரண்டும் வெவ்வேறு பத்திகளில் வருவதால், பல மாணவர்களுக்கு இந்த இணைப்பு தெரியாமலே போய்விடுகிறது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்பதால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில், ஏன் நிறுத்த வேண்டும்? ஒரே ஒரு அமினோ அமிலத்தைப் புரதச் சங்கிலியில் சேர்க்க 4 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. அமினோ அமிலத்தை, அதைச் சுமந்துவரும் கடத்து ஆர்என்ஏவில் ஏற்ற இரண்டு, புரதச் சங்கிலியைக் கோக்கும் எந்திரமான ரைபோசோமுக்குள் கொண்டுவந்து நகர்த்த இரண்டு. 300 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சாதாரணப் புரதத்துக்கே சுமார் 1,200 பிணைப்புகள் ஆகின்றன. செலவை விட்டாலும் ஆபத்து இருக்கிறது. ரைபோசோமிலிருந்து வெளியே தலைநீட்டும் சங்கிலி இன்னும் மடியாதது. சூடான செல்லுக்குள் அது தவறாக மடியும், பக்கத்தில் இருப்பவற்றோடு ஒட்டிக்கொள்ளும். மடிக்க உதவும் துணைப் புரதங்கள் ஏற்கெனவே இருக்கும் புரதங்களைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில், புதிய சங்கிலிகளை இறக்கிக்கொண்டே இருப்பது செல்லுக்குத் தற்கொலை.

எங்கே நிறுத்துகிறது? பெரும்பாலும் தொடக்கத்திலேயே. பாதியில் விட்ட சங்கிலியால் யாருக்கும் பயனில்லை. தொடங்காமல் இருப்பதுதான் மலிவு. நம் செல்களில் புரத உற்பத்தி தொடங்க வேண்டுமானால், மெத்தியோனினைச் சுமந்த தொடக்கக் கடத்து ஆர்என்ஏவை ரைபோசோமின் சிறு துணை அலகுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருவது இஐஎஃப்2 என்ற காரணி. அப்போது அதன் கையில் ஜிடிபி (GTP) என்ற மூன்று பாஸ்பேட் மூலக்கூறு இருக்கும். ரைபோசோம், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் முனையிலிருந்து நகர்ந்து சென்று ஏயுஜி என்ற தொடக்கக் குறியீட்டைக் கண்டுபிடித்ததும் அதில் ஒரு பாஸ்பேட் உடையும். இரண்டு பாஸ்பேட் மட்டும் மிஞ்சிய அந்த மூலக்கூறோடு இஐஎஃப்2 வெளியேறும். அது மறுபடி வேலைக்கு வர வேண்டுமானால் இஐஎஃப்2பி என்ற இன்னொரு பெரிய புரதக் கூட்டிடம் போய்ப் புதிய ஜிடிபியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நெருக்கடியில் நடப்பது இதுதான்: இஐஎஃப்2-வின் ஆல்பா துணை அலகில் 51ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. ஒட்டப்பட்ட இஐஎஃப்2, இஐஎஃப்2பி-யை இறுகப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கிறது. செல்லில் இஐஎஃப்2பி-யின் எண்ணிக்கை இஐஎஃப்2-வைவிடக் குறைவு. ஆகவே இஐஎஃப்2-வில் ஒரு சிறு பங்குக்குப் பாஸ்பேட் ஒட்டினாலே போதும், மொத்த உற்பத்தியும் தளர்ந்துவிடும். ஊருக்கெல்லாம் கேழ்வரகு அரைக்க ஒரே மில் இருக்கும்போது, ஒருவருடைய மூட்டையில் வந்த கல் எந்திரத்தில் சிக்கிவிட்டால், நல்ல தானியத்தோடு வரிசையில் நிற்பவர்களும் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு சிறிய வேதி மாற்றம் இவ்வளவு பெரிய விளைவைத் தருவதன் கணக்கு இந்த எண்ணிக்கை வித்தியாசத்தில் இருக்கிறது.

இது கெட்டுப்போனதால் நேர்வது இல்லை, திட்டமிட்ட நிறுத்தம்தான் என்பதற்கு ஆதாரம் கேட்பீர்கள். 51ஆம் செரினை எடுத்துவிட்டு, பாஸ்பேட் ஒட்ட முடியாத அலனினை அந்த இடத்தில் வைத்து எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2001இல் வெளிவந்தது. இரு பிரதிகளிலும் இந்த மாற்றம் உள்ள குட்டிகள் பிறந்த ஒரு நாளுக்குள் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து இறந்தன. நிறுத்த முடியாத உடல் வாழவில்லை. மனிதரிலும் சான்று உண்டு. பாஸ்பேட் ஒட்டும் நொதிகளில் ஒன்றான பெர்க்கின் மரபணு இரு பிரதிகளிலும் பழுதானால் வால்காட்-ராலிசன் நோய் வருகிறது. 2000இல் இது கண்டறியப்பட்டது. இன்சுலின் செய்யும் கணையச் செல்கள் இடைவிடாமல் புரதம் சுரப்பவை. வேகத்தைக் குறைக்கும் வழியில்லாதபோது அவை அழிந்துபோகின்றன. கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு தொடங்குகிறது, எலும்பும் சரியாக வளர்வதில்லை. நோய் மிக அரிது. ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும் என்பதால், நெருங்கிய உறவில் மணமுடித்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். அக்காள் மகளை, மாமன் மகளை மணக்கும் வழக்கம் இன்னும் உள்ள நம் பகுதியில், பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்கு நீரிழிவு என்றால் மரபணுப் பரிசோதனை அவசியம் என்பதை மருத்துவம் சார்ந்தவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள் நம்மிடம் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வகைக் கஷ்டத்தை உணர்கிறது. பிகேஆர் இரட்டை இழை ஆர்என்ஏவை உணரும். அது பெரும்பாலும் வைரஸின் அடையாளம். உற்பத்தி நின்றால் வைரஸும் பெருக முடியாது. வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. ஹெர்பஸ் வைரஸ், ஒட்டிய பாஸ்பேட்டைச் செல்லின் நொதியைக் கொண்டே கழற்றவைக்கும் ஒரு புரதத்தைத் தானே கொண்டுவருகிறது. ஜிசிஎன்2 அமினோ அமிலப் பற்றாக்குறையை உணரும். சுமையில்லாத கடத்து ஆர்என்ஏக்கள் குவிந்தாலும், ரைபோசோம்கள் வழியில் தடைப்பட்டு நின்றாலும் அது விழித்துக்கொள்ளும். செடிகளிடம் இருப்பது இந்த ஜிசிஎன்2 மட்டும்தான், மற்ற மூன்றும் இல்லை. கிளைஃபோசேட் களைக்கொல்லி நறுமண அமினோ அமிலங்களின் உற்பத்தியைத் தடுப்பதால், அது பட்ட செடியில் ஜிசிஎன்2 விழிப்பதை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் 2008இல் காட்டியிருக்கிறார்கள். பெர்க் பற்றிப் பிறகு வருகிறேன், புளோரைடு கதை அதன் வழியாகத்தான் போகிறது.

நான்காவது எச்ஆர்ஐ. இதைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை, ஏனென்றால் இரத்தசோகை நம் வீடுகளில் அவ்வளவு சாதாரணம். சிவப்பணுவாக மாறப்போகும் செல் குளோபின் புரதத்தை மலைமலையாகச் செய்கிறது. ஒவ்வொரு குளோபினுக்கும் இரும்பு கொண்ட ஹீம் ஒன்று வேண்டும். ஹீம் போதிய அளவில் இருக்கும்வரை அது எச்ஆர்ஐ-யில் ஒட்டிக்கொண்டு அதைத் தூங்க வைக்கும். இரும்பு குறைந்தால் ஹீம் குறையும், எச்ஆர்ஐ விழித்து இஐஎஃப்2-வில் பாஸ்பேட்டை ஒட்டும், குளோபின் உற்பத்தி குறையும். இரும்புச் சத்து குறைந்தவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் சிறியவையாக, வெளிறிப்போய்த் தெரிவதற்குக் காரணம் இந்த நிறுத்தம்தான். எச்ஆர்ஐ இல்லாத எலிகளுக்கு இரும்பு குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பணுக்கள் சிறுத்துப்போகவில்லை. ஆனால் ஹீம் கிடைக்காத குளோபின் செல்லுக்குள் படிந்து, அணுக்கள் அழிந்தன. ஆக, ஆய்வகத் தாளில் ‘சிறிய, வெளிறிய அணுக்கள்’ என்று வரும் அந்த வரி, செல் தன்னைக் காத்துக்கொண்டதன் தடயம். உற்பத்தியைக் கையிருப்புக்கு ஏற்பச் சுருக்கியதால்தான் அந்த அணுக்களே மிஞ்சியிருக்கின்றன. எச்ஆர்ஐ-க்கு இன்னொரு வேலையும் உண்டென்று 2020இல் தெரியவந்தது: மைட்டோகாண்ட்ரியா சிரமப்படும்போது டெலி1 என்ற புரதம் வெளியே வந்து இதை எழுப்புகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லாம் நின்றால் தேவையானவை மட்டும் எப்படி உருவாகும்?

ஏடிஎஃப்4 என்ற புரதத்தைப் பாருங்கள். நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்களை இயக்கும் தலைமைக் காரணி இது. இதன் தூது ஆர்என்ஏ செல்லில் எப்போதும் இருக்கிறது, ஆனால் சாதாரண நேரத்தில் அதிலிருந்து புரதம் அநேகமாக வருவதில்லை. காரணம், ஏடிஎஃப்4-க்கான பகுதிக்கு முன்னால் இரண்டு சிறிய படிப்புப் பகுதிகள் இருக்கின்றன. முதலாவதில் 3 அமினோ அமிலங்களுக்கு மட்டுமே இடம். இரண்டாவதன் வால், ஏடிஎஃப்4 தொடங்கும் இடத்தைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கிறது. ரைபோசோம் முதலாவதைப் படித்து முடித்தும் தூது ஆர்என்ஏவை விட்டு இறங்காமல் மேலே நகர்கிறது. ஆனால் அதன் தொடக்கக் கடத்து ஆர்என்ஏ செலவாகிவிட்டது. இன்னொன்றை ஏற்றிக்கொள்ளும்வரை எந்த ஏயுஜி-யையும் அதனால் கண்டுகொள்ள முடியாது. சாதாரண நேரத்தில் இஐஎஃப்2 நிறைய இருப்பதால் சீக்கிரமே ஒன்று ஏறிவிடும். ரைபோசோம் இரண்டாவது சிறு பகுதியில் தொடங்கி, ஏடிஎஃப்4 தொடங்கும் இடத்தைக் கடந்துபோய் முடிக்கும். ஏடிஎஃப்4 வராது.

நெருக்கடியில் இஐஎஃப்2 அருகிப்போகிறது. ரைபோசோம் முதலாவதைப் படித்துவிட்டு வெறுங்கையோடு நகர்கிறது, ஏற்றிக்கொள்ள நேரமாகிறது. அந்தத் தாமதத்திலேயே இரண்டாவது சிறு பகுதியின் தொடக்கத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுகிறது. இன்னும் சிறிது தூரம் போனதும் கடத்து ஆர்என்ஏ ஒன்று வந்து சேர்கிறது, அடுத்து வரும் ஏயுஜி ஏடிஎஃப்4-இனுடையது. மற்ற எல்லாவற்றையும் பட்டினி போட்ட பற்றாக்குறையே இதற்குச் சோறு போடுகிறது. எத்தனை முறை கற்பித்தாலும் இந்த இடத்தில் வியப்பு குறைவதில்லை. இதே உத்தியை ஈஸ்ட் தன் ஜிசிஎன்4 புரதத்துக்குக் கையாள்கிறது. அங்கே முன்னால் இருக்கும் சிறு பகுதிகள் நான்கு. ஆலன் ஹின்னிபுஷ் 1980களிலிருந்து அதைப் படிப்படியாக அவிழ்த்துக் காட்டினார். தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு தாளில் ஒரு கோடு போட்டு, மூன்று பெட்டிகள் வரைந்து, ரைபோசோமை நீங்களே விரலால் நகர்த்திப் பாருங்கள். பெட்டிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் ஏன் முக்கியம் என்பது அப்போது தானாகவே புரியும்.

வெப்பத்தின் கதை வேறு மாதிரி. செடிகளிலோ ஈஸ்டிலோ சூட்டுக்கான நிறுத்தத்தை இஐஎஃப்2 மட்டும் செய்வதில்லை. 1962இல் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா, சூடேறிய கருவியில் இருந்த பழ ஈயின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்களைக் கண்டார். வெப்பத்தில் விழித்துக்கொண்ட மரபணுக்கள் அவை. அவற்றிலிருந்து வரும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் 1974இல் அடையாளம் காணப்பட்டன. இந்த மரபணுக்களில் பல, வெட்டி ஒட்ட வேண்டிய இடைத்துண்டுகள் இல்லாதவை. கடும் வெப்பம் வெட்டி ஒட்டும் வேலையையே முடக்கிவிடும் என்பதை நினைத்தால் இந்த அமைப்பின் பயன் விளங்கும். அடுத்து, அவற்றின் தூது ஆர்என்ஏவின் முன்பகுதி பெரும்பாலும் முடிச்சுகள் குறைந்தது. ஈஸ்டில் டெட்1 என்ற நொதி, தூது ஆர்என்ஏவின் முன்பகுதியில் உள்ள மடிப்புகளை அவிழ்த்துவிடுகிறது. சூடேறியதும் டெட்1 திரண்டு ஒதுங்கிக்கொள்ளும் என்று 2020இல் காட்டினார்கள். மடிப்பு மிகுந்த அன்றாடத் தூது ஆர்என்ஏக்கள் அதில்லாமல் தவிக்கும். மடிப்பு குறைந்த வெப்ப அதிர்ச்சித் தூது ஆர்என்ஏக்கள் அதில்லாமலே சமாளிக்கும். ஒரு நொதியை ஒதுக்கி வைப்பதாலேயே தேர்வு நடந்துவிடுகிறது.

பாலூட்டிச் செல்களில் கடும் வெப்பத்தின்போது, தொடங்கிவிட்ட ரைபோசோம்களும் சுமார் 65ஆம் குறியீட்டருகே தயங்கி நிற்பதை 2013இல் கண்டார்கள். சங்கிலி ரைபோசோமின் சுரங்கத்தைக் கடந்து வெளியே தெரியத் தொடங்கும் கட்டம் அது. அங்கே வரவேற்று மடிக்க வேண்டிய எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் வேறு இடத்தில் சிக்கியிருப்பதால் வேலை நிற்கிறது. ‘சூட்டில் கெட்டு நின்றுபோகிறதா?’ என்ற உங்கள் சந்தேகத்துக்கு இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் இங்கேயும் துணைப் புரதத்தின் கையிருப்பே அளவுகோலாகி உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது. ஈஸ்ட் செல்லில் சூட்டுக்குப் பிறகு திரளும் புரதங்களை 2015இல் அளந்து பார்த்தபோது, பெரும்பாலானவை அழியாமல் மறுபடி பிரிந்து வேலைக்குத் திரும்புவதைக் கண்டார்கள். முட்டை வேகுவதைப் போன்ற சேதம் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர்.

உங்கள் வீட்டுப் பயிருக்கு இந்தத் துறையில் ஒரு தனி இடம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெப்பத்தில் செல்லின் சைட்டோபிளாசத்தில் மணிமணியாகத் திரளும் துகள்களை 1983இல் லுட்ஸ் நோவரும் உடன் உழைத்தவர்களும் விவரித்தது தக்காளியின் செல்களிலும் இலைகளிலும்தான். 1989இல் அந்தத் துகள்களோடு ஒரு குறிப்பிட்ட தொகுதித் தூது ஆர்என்ஏக்கள் சேர்ந்திருப்பதாக எழுதினார்கள். அன்றாட வேலைக்கான தூது ஆர்என்ஏக்கள் அழியாமல் பத்திரமாக ஒதுங்குகின்றன என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1999இல், பாலூட்டிச் செல்களில் இத்தகைய நெருக்கடித் துகள்கள் உருவாவதற்கு இஐஎஃப்2-வின் பாஸ்பேட் தேவை என்று நான்சி கெடர்ஷாவும் பால் ஆண்டர்சனும் காட்டினர். இன்றைய பிரிவினையில் செடியின் வெப்பத் துகள்களையும் நெருக்கடித் துகள்களையும் தனித்தனியாக வைக்கிறார்கள். முதல் வகையில் சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் நிறைந்திருக்கும். எல்லாத் தூது ஆர்என்ஏவும் இப்படிப் பாதுகாக்கப்படுவதும் இல்லை. அராபிடாப்சிஸில் வெப்பத்தின்போது ஏராளமானவற்றைச் செல்லே வெட்டி அழிக்கிறது. வெயில் தணிந்ததும், ரைபோசோம் புரதங்களுக்கான தூது ஆர்என்ஏக்களைத் துகள்களிலிருந்து விடுவிக்க எச்எஸ்பி101 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் வேண்டும் என்பது 2017இல் தெரிந்தது. அதாவது உற்பத்திக் கருவியைத் திரும்பக் கட்டுவதற்கான குறிப்பையே செல் முதலில் வெளியே எடுக்கிறது.

செல்லின் ஊட்ட நிலையை உணரும் எம்டார் என்ற நொதியின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், பாடநூலில் அது நன்றாகவே இருக்கிறது. உணவும் வளர்ச்சி ஹார்மோனும் போதிய அளவில் இருந்தால் எம்டார், 4இ-பிபி என்ற தடுப்புப் புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஒட்டி அதை விலக்கி வைக்கும். பட்டினியில் எம்டார் அடங்கும். அப்போது தடுப்பு, தூது ஆர்என்ஏவின் முனையில் உள்ள ‘தொப்பி’யைப் பிடிக்கும் காரணியைக் கவ்விக்கொள்ளும், உற்பத்தி தொடங்காது. ஆற்றல் மிகவும் குறைந்தால் சங்கிலி நீள்வதையே மெதுவாக்க இஇஎஃப்2 கைனேஸ் என்ற நொதி இருக்கிறது. இவையெல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடியவை என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு செல்லில் உற்பத்தி குறைந்ததைக் கண்டவுடன் இஐஎஃப்2 தான் காரணம் என்று எழுதிவிடக் கூடாது.

இனி புளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் கடினப் பாறைகளின் கனிமங்களிலிருந்து புளோரைடு கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இடம்பெற்றிருக்கிறது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

பல்லின் எனாமலை உருவாக்கும் அமிலோபிளாஸ்ட் செல்கள், கணையச் செல்களைப் போலவே புரதத்தைச் செய்து வெளியே தள்ளும் தொழிலில் இருப்பவை. வெளியே அனுப்பும் புரதங்கள் எண்டோபிளாச வலைக்குள் மடிய வேண்டும். அங்கே மடியாதவை தேங்கினால் உணரும் நொதிதான் பெர்க். அமிலோபிளாஸ்ட் வகைச் செல்களுக்குப் புளோரைடு கொடுத்தபோது எண்டோபிளாச வலையில் நெருக்கடி உண்டாகிறது என்று 2005இலும், புரத உற்பத்தியும் சுரப்பும் குறைகின்றன என்று 2008இலும் ஆய்வுகள் வெளிவந்தன. 2010இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. எனாமல் முற்றும் கட்டத்தில் செல்லைச் சுற்றியுள்ள இடம் அமிலத்தன்மை கொள்கிறது. அமிலத்தில் புளோரைடின் ஒரு பகுதி ஹைட்ரஜனோடு சேர்ந்து மின்னேற்றம் இல்லாத மூலக்கூறாகிச் சவ்வை எளிதில் கடந்து உள்ளே போகும். அமிலத்தன்மை கூடியபோது, பெர்க்கிலும் இஐஎஃப்2-விலும் பாஸ்பேட் ஏறுவதற்குத் தேவைப்படும் புளோரைடின் அளவு வெகுவாகக் குறைந்தது. மற்ற செல்களைவிடப் பல் செல் ஏன் முந்திப் பாதிக்கப்படுகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

எனவே நீங்கள் படித்த கட்டுரை சரி, ஆனால் முழுக்கதை அது இல்லை. தட்டில் வளர்த்த செல்களுக்கு ஆய்வுகளில் போடும் புளோரைடு, மக்களின் இரத்தத்தில் காணும் அளவைவிட மிக அதிகம். எலிகளுக்கும் பல்லில் மாற்றம் வரவைக்க மனிதரைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. எனாமல் புரதங்களை நீக்கும் நொதிகள் தாமதிப்பது, படிக வளர்ச்சி மாறுவது போன்ற வேறு வழிகளும் பங்கேற்கின்றன. எலும்பில் வரும் பாதிப்பு தனி விவகாரம். அதைப் பெர்க்கோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பல் முளைத்த பிறகு அமிலோபிளாஸ்ட்கள் இருக்கமாட்டா. அதனால் உருவாகும் காலத்தில் ஏற்பட்ட குறையை உடல் பிறகு திருத்த முடியாது. முன்பற்கள் உட்படப் பெரும்பாலான நிலைப்பற்களின் எனாமல் சுமார் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. உங்கள் தெருவில் அந்த வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், குடிக்க மட்டுமன்றிச் சமைக்கவும் ஒகேனக்கல் திட்டத்தில் வரும் ஆற்று நீரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அடர்த்திதான் கூடும். படித்தவர்கள் உள்ள வீடுகளிலும் இதைத் தவறாகவே நினைத்திருக்கிறார்கள்.

நிறுத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன. ஏடிஎஃப்4 வழியாக வரும் புரதங்களில் காட்34 ஒன்று. அது பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை இஐஎஃப்2-விடம் அழைத்துவந்து உற்பத்தியை மறுபடி தொடங்கவைக்கிறது. இப்படி நிறுத்தத்துக்குள்ளேயே அதன் முடிவும் எழுதப்பட்டிருக்கிறது. கஷ்டம் தீராமலே உற்பத்தி திரும்பினால், சாப் என்ற இன்னொரு காரணியும் சேர்ந்து செல்லை இறப்புக்குத் தள்ளும். நாள்பட்ட நிறுத்தம் மூளைக்கு ஆகாது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. இஐஎஃப்2பி மரபணுக்களில் பழுதுள்ள குழந்தைகளுக்கு மூளையின் வெண்பொருள் கரைந்துபோகும் நோய் வருகிறது. சாதாரணக் காய்ச்சல் கூட அவர்களைச் சட்டென்று மோசமாக்கிவிடும். பீட்டர் வால்டரின் ஆய்வகம் 2013இல் அறிவித்த இஸ்ரிப் என்ற மூலக்கூறு, இஐஎஃப்2பி-யோடு சேர்ந்து அதைத் தாங்கிப்பிடித்து நிறுத்தத்தைத் தளர்த்துகிறது. எலிகளில் அது நினைவாற்றலைக் கூட்டியது. எலியில் கண்டதை மனிதருக்கு வாக்குறுதியாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கடைசியாக உங்கள் ஆய்வு. பாஸ்பேட் ஒட்டிய இஐஎஃப்2-வை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் விலை அதிகம், செடியில் வேலை செய்யுமா என்பதையும் முதலில் சோதிக்க வேண்டும். அதை விடுங்கள். நீர்த்தொட்டி, மின்கடத்துமானி, தக்காளி விதை இருந்தால் ஒரு நல்ல கேள்வியைக் கேட்கலாம்: வெப்பத்தைத் தாங்கப் பழகுவதற்குப் புதிய புரதம் தேவைதானா?

பிகேஎம் 1 என்ற தக்காளி ரகத்தின் விதையையும், உங்கள் வீட்டில் நடும் வீரிய ஒட்டு ரகத்தையும் எடுத்து முளைக்க வையுங்கள். ஒரு குழு நாற்றுகளை நேராக 45 டிகிரியில் வையுங்கள். இன்னொரு குழுவை முதலில் 38 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, அறை வெப்பத்தில் சிறிது ஓய்வு கொடுத்து, பிறகு 45-க்கு அனுப்புங்கள். மூன்றாவது குழுவுக்கு அந்த 38 டிகிரிக் கட்டத்தில் மட்டும் புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துக் கழுவிவிடுங்கள். சூடே படாமல் மருந்து மட்டும் பெற்ற குழு ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நாற்று செத்தது மருந்தாலா சூட்டாலா என்று யாராலும் சொல்ல முடியாது. எதுவும் செய்யாத குழுவும் இருக்கட்டும். 45 டிகிரியில் எத்தனை நிமிடம் என்பதை ரகத்துக்கு ரகம் நீங்களே முன்சோதனையில் கண்டுபிடிக்க வேண்டும்; நேராகச் சூடு பட்ட குழுவில் பாதி பிழைக்கும் அளவு பொருத்தமாக இருக்கும். சவ்வு சேதத்தை, நாற்றை ஊறவைத்த நீரின் மின்கடத்தலால் அளக்கலாம். சில நாள் கழித்து வேர் வளர்ச்சியை அளந்தால் இரண்டாவது சான்று கிடைக்கும்.

சைக்ளோஹெக்சிமைடு மனிதருக்கும் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், எடைபோடும்போது முகக்கவசம் வேண்டும், மீதியை வாய்க்காலில் கொட்டக் கூடாது. வழிகாட்டி உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முடிவை எழுதும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. இந்த மருந்து எல்லாப் புரதத்தையும் தடுப்பதால், ‘புதிய புரதம் தேவை’ என்பதுவரைதான் நீங்கள் சொல்ல முடியும். ‘எச்எஸ்பி70 தேவை’, ‘எச்எஸ்பி101 தேவை’ என்று பெயர் சொல்ல இந்தச் சோதனை இடம் தராது. அதற்கு அடுத்த கட்டமாக, 38 டிகிரியில் இருந்த நாற்றுகளின் புரதத்தைப் பிரித்து, எச்எஸ்பி70-க்கான எதிர்ப்பொருளோடு பரிசோதிக்கும் வசதி உள்ள ஆய்வகம் ஒன்றை உங்கள் வழிகாட்டி வழியாகத் தேடுங்கள். மாதிரிகளை இப்போதே மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வைத்திருந்தால், வசதி கிடைக்கும் நாளில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.